டூ ஸ்ட்ரோக் படகு மோட்டார்: பெட்ரோலும் ஆயிலும் சரியாகக் கலப்பது எப்படி?

டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் வாங்கியவர் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றணும்?" என்பதுதான். பெரும்பாலான மோட்டார்களுக்கு விடை 20 மில்லி. அதைத் தெரிந்துகொண்டதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். எந்த ஆயில், எப்படிப்பட்ட பெட்ரோல், எதை முதலில் ஊற்றுவது, டேங்கில் மிச்சம் இருந்தால் என்ன கணக்கு, கலந்து வைத்தது எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அதே அளவுக்கு முக்கியம்.

மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் மற்றதை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் அடியில் ஆயில் தேங்கி நிற்கும். பம்ப் அதை எடுத்து எல்லா இடத்துக்கும் அனுப்பும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி ஆயில் தேங்கும் இடமே கிடையாது. கார்புரேட்டரில் இருந்து வரும் பெட்ரோலும் காற்றும் நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க்கேஸ் என்ற அறைக்குள் நுழைந்து, கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றி வந்து, அதன் பிறகுதான் பிஸ்டனுக்கு மேலே ஏறுகின்றன. போகிற வழியில் பெட்ரோல் ஆவியாகிவிடும். அதில் கரைந்திருந்த ஆயில் பேரிங்கிலும் கனெக்டிங் ராடிலும் சிலிண்டர் சுவரிலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது அந்தப் படலம் ஒன்றுதான். வேலை முடிந்த ஆயில் எரிந்து புகையோடு போய்விடும்; அடுத்தடுத்த சுற்றில் புது ஆயில் வந்துகொண்டே இருக்க வேண்டும். கலந்து ஊற்றும் வகை மோட்டாருக்கு நீங்கள் டேங்கில் ஊற்றுகிற ஆயிலைத் தவிர வேறு ஆயில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்னொன்று. புரொப்பல்லருக்கு முன்னால் இருக்கும் கியர் பெட்டியில் இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கும். இன்ஜின் ஆயில் ஊற்றும் இடம் அதுதான் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அங்கே போவது கியர் ஆயில். அது கியருக்கு மட்டும். இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் மோட்டார் எந்த வகை?

ஆயில் பாட்டிலைத் திறக்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். மேல் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கும் ஆயில் ஊற்றும் மூடியும் இன்ஜினிலேயே இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். அதன் பெட்ரோலில் ஆயில் கலக்கவே கூடாது.

டிப்ஸ்டிக் இல்லை, தனியாக ஆயில் டேங்க்கும் இல்லை, கார்புரேட்டர் இருக்கிறது என்றால் அது கலந்து ஊற்ற வேண்டிய வகை. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியதுதான்.

தனி ஆயில் டேங்க் இருந்தால் ஆயில் இன்ஜெக்‌ஷன் வகை. பம்ப் ஒன்று வேகத்துக்கு ஏற்ப ஆயிலைத் தானே சேர்த்துவிடும். சும்மா ஓடும்போது குறைவாகவும் முழு வேகத்தில் அதிகமாகவும் கொடுக்கும். இந்த வகைக்குப் பெட்ரோல் டேங்கில் ஆயில் கலக்காத சாதா பெட்ரோல் போதும். ஆயில் டேங்க் காலியாகும்படி விட்டுவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். மறுபடி நிரப்பினாலும் காற்றை வெளியேற்றாமல் ஓட்டக் கூடாது. பழைய மோட்டார் வாங்குபவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: பம்ப் வேலை செய்கிறதா, அல்லது யாராவது அதைக் கழற்றிவிட்டார்களா? வெளியே ஆயில் டேங்க் தொங்கிக்கொண்டிருக்கும், உள்ளே பம்ப் இருக்காது. அப்படிப்பட்ட மோட்டாருக்குச் சாதா பெட்ரோல் ஊற்றினால் கதை அன்றோடு முடிந்தது.

எவின்ரூட் ஈ-டெக், மெர்க்குரி ஆப்டிமேக்ஸ் போன்ற நேரடி இன்ஜெக்‌ஷன் டூ ஸ்ட்ரோக்குகளும் பெட்ரோலில் கலக்காத வகைதான். எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு 2020-ல் நிறுத்தப்பட்டாலும், ஓடிக்கொண்டிருப்பவை நிறைய உண்டு. அவற்றின் மேனுவலில் சொன்ன ஆயிலை, சொன்ன டேங்கில் ஊற்றினால் போதும்.

விகிதம்

50:1 என்றால் பெட்ரோல் 50 பங்கு, ஆயில் 1 பங்கு. மில்லியில் பெட்ரோலை எடுத்து 50-ஆல் வகுத்தால் ஆயில் அளவு வந்துவிடும். 10 லிட்டர் என்பது 10,000 மில்லி. 50-ஆல் வகுத்தால் 200 மில்லி. ஒரு லிட்டருக்கான கணக்கு இப்படி:

100:1 – 10 மில்லி
50:1 – 20 மில்லி
40:1 – 25 மில்லி
25:1 – 40 மில்லி
24:1 – சுமார் 42 மில்லி
16:1 – சுமார் 63 மில்லி

கடந்த சில பத்தாண்டுகளில் வந்த மோட்டார்களில் பெரும்பாலானவை 50:1. சில மாடல்களுக்கு நிறுவனமே 100:1 என்று சொல்லியிருக்கும். 1960களின் நடுப்பகுதிக்கு முன் வந்த பல மோட்டார்களுக்கு 24:1, அதற்கும் பழையவற்றுக்கு 16:1 கூட உண்டு. அந்தக் காலத்துச் சில இன்ஜின்களில் ரோலர் பேரிங்குக்குப் பதிலாக வெறும் புஷ், அதாவது உருளைகள் இல்லாத உலோக வளையம், இருக்கும். புஷ் தாங்க அதிக ஆயில் வேண்டும். "இப்போதைய ஆயில் நல்ல ஆயில், பழைய மோட்டாருக்கும் 50:1 போதும்" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள். ஆயில் மாறியிருக்கலாம், உள்ளே இருக்கும் புஷ் மாறவில்லை.

1980களில் 100:1-ஐப் பரவலாகப் பரிந்துரைத்துவிட்டு, பிறகு 50:1-க்கே திரும்பிய நிறுவனமும் உண்டு. நாள்தோறும் ஓடும் மோட்டார் அதைத் தாங்கும். வாரக்கணக்கில் சும்மா நிற்கும் மோட்டாரில் அந்த மெல்லிய படலம் துருவைத் தடுக்கப் போதவில்லை. உங்கள் மேனுவலில் 100:1 என்று இருந்து, மோட்டார் அடிக்கடி நின்றே கிடக்கும் என்றால், அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் பிற்பாடு வேறு அளவு சொல்லியிருக்கிறாரா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

மேனுவல் கையில் இல்லையென்றால், படகில் மோட்டாரை மாட்டும் பிராக்கெட்டில் ஒரு சிறிய தகடு இருக்கும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில் பொறித்திருக்கும். அதை வைத்து மேனுவலைத் தேடி எடுக்கலாம். பக்கத்துப் படகுக்காரர் சொன்ன அளவு அவர் மோட்டாருக்குச் சரியாக இருக்கலாம். உங்களுடையதற்கும் சரி என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"கொஞ்சம் கூடப் போட்டால் கெட்டுப் போகாது" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குறைவதைவிடக் கூடுவது பரவாயில்லை என்பது உண்மைதான். ஆனால் கூடினால் ஸ்பார்க் பிளக்கில் ஈரக் கரி படியும், எக்ஸாஸ்ட் வழி அடையும், பிஸ்டன் ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ரிங் ஒட்டினால் கம்ப்ரஷன் போகும், ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும். எரியாத ஆயில் தண்ணீரின் மேல் வண்ணப் படலமாக விரிவதையும் பார்க்கலாம். இன்னொன்றும் இருக்கிறது: ஆயில் கூடினால் கார்புரேட்டர் வழியாகப் போகும் கலவையில் பெட்ரோலின் பங்கு அந்த அளவுக்குக் குறையும். ஆயில் கூடக்கூட பெட்ரோல்-காற்று கலவை சற்றே மெலியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

குறைந்தால் நடப்பது இதைவிட மோசம். பேரிங் சூடாகும், பிஸ்டனின் பக்கவாட்டில் கீறல் விழும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு இன்ஜின் சீஸ் ஆகிவிடும். கரையிலிருந்து வெகுதூரத்தில் நடந்தால் இது வெறும் இன்ஜின் செலவு மட்டுமில்லை, உயிர்ப் பிரச்சினை.

எந்த ஆயில்?

பாட்டிலில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற முத்திரை இருக்க வேண்டும். டூ சைக்கிள், தண்ணீரில் குளிரும் இன்ஜின் என்பதன் சுருக்கம் அது. அமெரிக்காவின் தேசிய கடல்சார் உற்பத்தியாளர் சங்கம் சோதித்துக் கொடுக்கும் சான்று. முத்திரைக்குப் பக்கத்தில் ஆர்எல் (RL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிராண்ட் எதுவாக இருந்தாலும் இந்தச் சான்று இருந்தால், நிறுவனம் வேறு எதையும் குறிப்பாகக் கேட்காத மோட்டாரில் பயன்படுத்தலாம்.

மோட்டார் சைக்கிளுக்கும் மரம் அறுக்கும் செயின்சாவுக்கும் விற்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஏன் ஆகாது? அவை காற்றில் குளிரும் இன்ஜின்கள், மிகச் சூடாக ஓடுபவை. அந்தச் சூட்டைத் தாங்க அவற்றின் ஆயிலில் உலோகம் கலந்த சுத்திகரிப்புப் பொருள்கள் சேர்ப்பார்கள். அவை எரிந்தால் சாம்பல் மிஞ்சும். படகு மோட்டார் தண்ணீரில் குளிர்ந்துகொண்டே ஓடுவது. அதோடு மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும். அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து, நெருப்புக் கங்காகக் கனன்று, பிளக் பொறி விடும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவதற்கு அது போதும். டிசி-டபிள்யூ3 சாம்பல் மிஞ்சாத வகை. மறுபக்கம், இதைக் கொண்டுபோய்ச் செயின்சாவிலும் ஊற்றாதீர்கள். அந்தச் சூட்டுக்கு இது தாங்காது.

கார் இன்ஜின் ஆயிலை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். அது எரிவதற்காகச் செய்ததே இல்லை. நடுக்கடலில் ஆயில் தீர்ந்துபோய் வேறு வழியே இல்லாத நிலையைத் தவிர, வேறெந்த நேரத்திலும் அந்த நினைப்பே வரக் கூடாது. அந்த நிலை வராமலிருக்க ஒரு பாட்டில் ஆயிலைப் படகிலேயே உபரியாக வைத்திருப்பது என் பழக்கம். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

எந்தப் பெட்ரோல்?

ஆயிலோடு கலக்க, பெரும்பாலான மோட்டார்களுக்குச் சாதாரண ரகப் பெட்ரோலே போதும். விலை உயர்ந்த ஹை ஆக்டேன் ஊற்றினால் வேகம் கூடாது. மேனுவல் கேட்டால் மட்டும் ஊற்றுங்கள். கவலைப்பட வேண்டியது பெட்ரோலில் சேர்க்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலைப் பற்றி. பல நிறுவனங்கள் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்ததை ஏற்கின்றன. அதற்கு மேல் போனால் மேனுவலைப் பாருங்கள்.

எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். படகில் இருக்கும் டேங்க் எப்போதும் ஈரக் காற்றில்தான் இருக்கிறது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் சுமார் அரை சதவீதத் தண்ணீர் வரை கரைத்து வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கில் உறிஞ்சும் குழாய் இருப்பது அடியில். அதாவது, சரியாக அளந்து கலந்திருந்தும் இன்ஜினுக்கு ஆயிலே இல்லாத தண்ணீரும் எத்தனாலும் போகும். இப்படிப் பிரிந்த பெட்ரோலைக் குலுக்கியோ புதுப் பெட்ரோல் சேர்த்தோ காப்பாற்ற முடியாது. முழுவதையும் வெளியேற்ற வேண்டும். சந்தேகம் இருந்தால் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சில நிமிடம் வையுங்கள். நடுவே கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்கு தெரிந்தால் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போடுவது நல்ல முதலீடு.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்கள் தனியாக, குறைந்த கம்ப்ரஷனில் செய்யப்படுபவை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வருவார்கள். அவற்றின் ஆயில் அளவை அவற்றின் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெய் கலந்து செலவைக் குறைக்க நினைப்பது மோட்டாரையே விலையாகக் கொடுப்பதில் முடியும்.

கலக்கும் முறை

முதலில், தூக்கக்கூடிய டேங்க்காக இருந்தால் படகிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும். தரையில் வைப்பதால் நிலைமின்சாரமும் தரைக்கு இறங்கிவிடும். பங்க்கில் நிரப்பும்போது நாசில் டேங்கின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். சிகரெட், அடுப்பு, ஓடும் இன்ஜின் எதுவும் பக்கத்தில் கூடாது.

இரண்டாவது, எத்தனை லிட்டர் போடப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்து, அதற்கான ஆயிலை அளவுக் கோடு போட்ட குவளையில் எடுத்து வையுங்கள். பாட்டிலைச் சாய்த்துக் குத்துமதிப்பாக ஊற்றுவது வேண்டாம். 25 லிட்டர் டேங்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் வேண்டும். 22 லிட்டர் போடுவதானால் 50:1-க்கு ஆயில் 440 மில்லி.

மூன்றாவது, டேங்கில் நாலைந்து லிட்டர் பெட்ரோல் மட்டும் விட்டு, அளந்து வைத்த ஆயில் முழுவதையும் ஊற்றுங்கள். குவளையின் அடியில் ஒட்டியதையும் கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கழுவி உள்ளே ஊற்றுங்கள். மூடியை இறுக்கி, டேங்கை நன்றாகக் குலுக்குங்கள்.

நான்காவது, மீதிப் பெட்ரோலை ஊற்றுங்கள். அது விழும் வேகத்திலேயே பாதி கலந்துவிடும். மூடி, இன்னொரு தடவை குலுக்குங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஆயில் பெட்ரோலைவிடக் கனம். நிறைந்த டேங்கின் மேல் ஆயிலை ஊற்றிப் பாருங்கள்: நீல நூலாக நேரே கீழே இறங்கி, தேன் மாதிரி அடியில் படுத்துக்கொள்ளும். மேலே குலுக்க இடமும் இருக்காது. அப்படியே மோட்டாரில் மாட்டினால் முதலில் உறிஞ்சப்படுவது கிட்டத்தட்ட வெறும் ஆயில். பிளக் நனைந்து மோட்டார் நின்றுவிடும். கஷ்டப்பட்டு ஸ்டார்ட் செய்து ஓட்டினாலோ, பிற்பாதியில் போவது ஆயில் போதாத பெட்ரோல். ஒருமுறை நன்றாகக் கலந்துவிட்டால் டிசி-டபிள்யூ3 ஆயில் தானாகப் பிரிந்து கீழே இறங்காது. குளிர் அதிகமான இடத்தில் ஆயில் கெட்டியாகிவிடும். அங்கே குலுக்குவதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

படகோடு பொருத்திய பெரிய டேங்கைக் குலுக்க முடியாது. அதற்கு வெளியே கேனில் கலந்து, பிறகு உள்ளே ஊற்றுவதுதான் நம்பகமான வழி.

ஐந்தாவது, டேங்கின் மேல் மார்க்கரால் விகிதத்தையும் கலந்த தேதியையும் எழுதுங்கள். வீட்டில் சாதா பெட்ரோல் கேனும் கலந்த கேனும் ஒரே நிறத்தில் இருக்கவே கூடாது. ஆயிலில் நீலமோ பச்சையோ சாயம் போட்டிருப்பது கலந்ததா இல்லையா என்று காட்டத்தான். நிறத்தின் அழுத்தத்தை வைத்து அளவைச் சொல்ல முடியாது.

கடைசியாக, ஹோஸை மாட்டி, மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து, ஹோஸின் நடுவே இருக்கும் பிரைமர் பல்ப் என்ற ரப்பர் உருண்டை இறுகும் வரை அழுத்துங்கள். காற்றுத் திருகைத் திறக்க மறந்தால் கொஞ்ச தூரம் போனதும் பெட்ரோல் வராமல் மோட்டார் திணறும். கலவையில்தான் குறை என்று அதைத் தவறாக நினைப்பவர்கள் அதிகம்.

மிச்சம் இருக்கும்போது

டேங்கில் 8 லிட்டர் கலவை இருக்கிறது, 14 லிட்டர் சேர்க்கிறீர்கள் என்றால் ஆயில் 14 லிட்டருக்கு மட்டும்: 280 மில்லி. மொத்தத்துக்கும் கணக்குப் போட்டால் கூடிவிடும்.

10 லிட்டரில் தவறுதலாக 400 மில்லி ஊற்றிவிட்டீர்கள், அதாவது 25:1 ஆகிவிட்டது. இன்னும் 10 லிட்டர் சாதா பெட்ரோல் சேர்த்துவிடுங்கள். 20 லிட்டருக்கு 400 மில்லி, சரியாக 50:1. ஆயில் போட்டேனா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அந்தப் பெட்ரோலை நம்பி இந்த மோட்டாருக்கோ, ஆயில் கலக்காத வேறு இன்ஜினுக்கோ ஊற்ற வேண்டாம். முறைப்படி அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாகக் கலப்பதே மலிவு.

புது மோட்டாரின் முதல் மணி நேரங்கள்

50:1 மோட்டார்கள் பலவற்றுக்கு முதல் 10 மணி நேரம் 25:1 என்று மேனுவல் சொல்லும். ஆயில் இன்ஜெக்‌ஷன் வகைகள் பலவற்றில், பம்ப் கொடுப்பது போக டேங்கிலும் 50:1 கலக்கச் சொல்வார்கள். இது டேங்க் கணக்கு இல்லை, இன்ஜின் ஓடிய மணி நேரக் கணக்கு. தொடர்ந்து முழு வேகத்தில் ஓட்டாமல், வேகத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருங்கள். அந்த நேரத்தில் புகை கூடுதலாக வருவது இயல்பு. 10 மணி நேரம் முடிந்ததும் வழக்கமான அளவுக்கு வந்துவிடுங்கள்.

பிளக் சொல்வது

சில மணி நேரம் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறமாகக் காய்ந்திருந்தால் எல்லாம் சரி. கறுப்பாக ஈரமாக இருந்தால் ஆயில் கூடியிருக்கலாம், சோக் சரியாகத் திறக்காமல் இருக்கலாம், அல்லது நெடுநேரம் மெதுவாகவே ஓட்டியிருக்கலாம். மூன்றையும் பார்க்காமல் உடனே ஆயிலைக் குறைக்காதீர்கள். வெள்ளையாக வறண்டிருந்தால் இன்ஜின் அதிகம் சூடாகிறது. அதன் மேல் வெள்ளிப் பொடியாகப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதற்கு மேல் அந்த மோட்டாரை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். சூட்டுக்குக் காரணம் ஆயில் மட்டுமில்லை. பின்னால் தண்ணீர் பீய்ச்சும் துளையில் நீர் சீராக வருகிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சாதா பெட்ரோலில் ஓட்டிவிட்டது பாதியில் தெரியவந்தால் உடனே நிறுத்துங்கள். "கரை வரைக்கும் தாங்கும்" என்று ஓட்ட வேண்டாம். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் டேங்க், ஹோஸ், கார்புரேட்டர் மூன்றிலும் இருப்பதைக் காலி செய்து, சரியான கலவையோடு தொடங்கலாம். உரசும் சத்தமோ இறுக்கமோ தெரிந்தால் இழுக்காமல் விட்டுவிடுங்கள்.

எடுத்து வைக்கும்போது

கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அதற்கு மேல் வைக்க வேண்டியிருந்தால், பெட்ரோல் புதிதாக இருக்கும்போதே, அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் சேருங்கள். கெட்டுப்போனபின் சேர்த்துப் பயனில்லை. நீண்ட நாள் ஓட்டாமல் வைப்பதானால், மோட்டாருக்குக் குளிர்விக்கும் தண்ணீர் கொடுத்தபடி பெட்ரோல் ஹோஸைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானே நிற்கும் வரை ஓடவிடுங்கள். பெட்ரோல் காய்ந்தால் அதிலிருந்த ஆயில் பிசினாகக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை அடைத்துவிடும். பிறகு பிளக் துளை வழியாகச் சிறிது ஆயில் விட்டு, இரண்டு மூன்று முறை கயிற்றை இழுத்து சிலிண்டர் முழுக்கப் பரவச் செய்து, பிளக்கை மாட்டிவிடுங்கள். டேங்கின் காற்றுத் திருகை மூடி, நிழலில் வையுங்கள்.

பழைய கலவையின் வாடை புளிப்பேறி வார்னிஷ் மாதிரி அடித்தால் அதைப் புதியதோடு சேர்த்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீரிலும் மண்ணிலும் கொட்டவும் வேண்டாம். மூடிய கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில், ஆயில் கலந்த பெட்ரோல் என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.